லாகான் ஆனதும் நம் பெயரில் ஏறுபவை: டிஎஸ்ஓ அமர்வில் சிஸ்டம் ஒதுக்கும் டேட்டாசெட்டுகள்

ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் டிஎஸ்ஓ அமர்வு தொடங்கி, திரையில் 'ரெடி' வந்ததும் வேறு எதையும் அடிக்காமல் 'லிஸ்டால்க் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையை மட்டும் கொடுத்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். நாம் எந்தக் கோப்பையும் கேட்டிருக்க மாட்டோம், எதையும் திறந்திருக்கவும் மாட்டோம். இருந்தும் பல நிறுவனங்களில் அந்தப் பட்டியல் ஒரு திரைக்குள் அடங்குவதில்லை. சிஸ்1.ஹெல்ப் போல ஓரளவு புரியும் பெயர்கள் சில இருக்கும். நிறுவனத்தின் நிரல் நூலகங்கள் வரிசையாக நிற்கும். இடையிடையே எண்ணும் எழுத்துமாக, மனிதர் யாரும் வைத்திருக்க முடியாத பெயர்களும் தென்படும். எல்லாம் நம் பயனர் பெயரின் கணக்கில்தான் நிற்கின்றன.

புதிதாக மெயின்ஃப்ரேம் வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலைக் கண்டுகொள்வதில்லை. ஏதோ ஒரு நாள் சிக்கல் வந்தால், புரியாததை எல்லாம் ஃப்ரீ செய்துவிடுகிறார்கள். முதல் பழக்கத்தால் இரவு நேர பேட்ச் வேலைகள் காத்துக் கிடக்கின்றன. இரண்டாவது பழக்கத்தால் அவர்களுடைய அமர்வே முடங்குகிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இதைக் கேட்டது யார், எதுவரை இது நீடிக்கும், இது இருப்பதால் காத்திருப்பது யார் என்று கேட்கத் தெரிந்தவருக்கு டிஎஸ்ஓவில் வரும் பிழைச் செய்திகளில் பாதி புதிராகவே இராது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சி வகுப்புகளில் அலொகேட் கட்டளையைச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு இந்த வாசிப்பைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்பவே இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. மெயின்ஃப்ரேமில் ஓடும் நிரலுக்குக் கோப்பின் உண்மைப் பெயர் தெரிய வேண்டியதில்லை. எட்டு எழுத்துக்கு மிகாத ஒரு டிடி பெயர் தெரிந்தால் போதும். 'சிஸ்இன்னிலிருந்து படி, சிஸ்பிரிண்ட்டில் எழுது' என்பதுதான் நிரலின் மொழி. அந்த டிடி பெயரை எந்த டேட்டாசெட்டோடு இணைப்பது என்பதை நிரலுக்கு வெளியே முடிவு செய்கிறோம். இந்த இணைப்பைத்தான் ஒதுக்கீடு என்கிறோம். இணைப்பு ஒவ்வொன்றும் அமர்வின் நினைவகத்தில் டிஐஓடி என்ற அட்டவணையில் ஒரு பதிவாக உட்காரும். லிஸ்டால்க் நமக்குக் காட்டுவது ஏறத்தாழ அந்த அட்டவணையைத்தான். இந்த ஏற்பாடு 1964-இல் அறிவிக்கப்பட்ட ஓஎஸ்/360 காலத்தது. இன்றைய இசட்/ஓஎஸ் வரை அதன் எலும்புக்கூடு மாறவில்லை.

ஓஎஸ்/360 உருவானபோது எல்லாமே பேட்ச் வேலைகள். எந்தெந்த டேட்டாசெட் வேண்டும் என்பதை வேலையின் கட்டுப்பாட்டு வரிகளான ஜேசிஎல்லில் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே சிஸ்டம் அவை அனைத்துக்குமான உரிமையை மொத்தமாகப் பெறும். ஒன்று கிடைக்காவிட்டாலும் வேலை தொடங்காது. இதற்குப் பின்னால் ஆழ்ந்த காரணம் இருக்கிறது. ஒரு வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்க, அந்த இன்னொன்றை வைத்திருக்கும் வேலை இதனுடையதற்காகக் காத்திருந்தால், இரண்டும் காலம் முழுக்க நகராது. மொத்தமாகக் கேட்பதும், குறித்த வரிசையில் கேட்பதும் இந்த முட்டுச்சந்தைத் தவிர்க்கும் என்பதை ஹேவெண்டர் என்பவர் 1968-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதினார். இயங்குதளங்களின் வடிவமைப்பைப் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத் தேடிப் போகிறார்கள். இன்று ஒரு பேட்ச் வேலை டேட்டாசெட்டுக்காகக் காத்திருப்பதைப் பார்த்து நாம் எரிச்சல்படும்போது, அந்தக் காத்திருப்பு திட்டமிட்டு வைக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1971-இல் டிஎஸ்ஓ வந்தபோது இந்த ஏற்பாடு இடித்தது. திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் அடுத்த நிமிடம் எந்தக் கோப்பைத் திறப்பார் என்று யாரால் முன்கூட்டியே அறிவிக்க முடியும்? அன்றைய தீர்வு எளிமையானது. லாகான் புரோசீஜரில் 'டிடி டைனம்' என்று வெற்று வரிகளை எழுதி வைப்பார்கள். ஒவ்வொரு வரியும் அட்டவணையில் ஓர் இடத்தைப் பிடித்து வைக்கும். பயனர் கேட்கும்போது அந்த இடத்தில் டேட்டாசெட் ஏறும். எத்தனை வரி எழுதினார்களோ அத்தனைதான் எல்லை. 1974-இல் வந்த எம்விஎஸ் இதை மாற்றியது. எஸ்விசி 99 என்ற சேவையைக் கூப்பிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலே புதிய ஒதுக்கீட்டைப் பெறலாம், இருப்பதை விடலாம். இன்று டிஎஸ்ஓவின் அலொகேட், ஃப்ரீ கட்டளைகளும், ஐஎஸ்பிஎஃப் திரைகளும், ரெக்ஸ் நிரல்களும் செய்யும் ஒதுக்கீடுகள் எல்லாம் கடைசியில் அந்த ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. பழைய டிடி டைனம் வரியை இசட்/ஓஎஸ் இன்றும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த வேலைக்கு எக்ஸெக் வரியில் டைனம்என்பிஆர் என்ற அளவுருவைத் தரும்படிதான் ஐபிஎம் சொல்கிறது.

இனி அமர்வுக்குள் வருவோம். டிஎஸ்ஓ அமர்வும் ஒரு வேலைதான் என்பதைப் பலர் உணர்வதில்லை. லாகான் செய்ததும் சிஸ்டம் நமக்காக ஒரு புரோசீஜரை ஓட்டுகிறது. அதன் எக்ஸெக் வரியில் பெரும்பாலும் ஐகேஜேஇஎஃப்டி01 என்ற நிரல் இருக்கும். நம் கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் டெர்மினல் மானிட்டர் நிரல் அதுதான். பேட்ச் வேலைக்கு ஜேஓபி என்று தொடங்கும் எண் கிடைப்பதுபோல நம் அமர்வுக்கு டிஎஸ்யு என்று தொடங்கும் எண் கிடைக்கிறது. ஸ்பூலில் நம் பெயரிலும் ஜெஸ்எம்எஸ்ஜிஎல்ஜி, ஜெஸ்ஜேசிஎல், ஜெஸ்ஒய்எஸ்எம்எஸ்ஜி ஆகியவை இருக்கின்றன. ஸ்பூலைப் பார்க்க உதவும் எஸ்டிஎஸ்எஃப்பில் சொந்த அமர்வைத் தேடி அதன் ஜெஸ்ஜேசிஎல்லை ஒருமுறை திறந்து படியுங்கள். நம் அமர்வின் முழு ஜேசிஎல்லும், அதன் டிடி வரிகளும் அங்கே எழுத்து எழுத்தாகக் கிடக்கின்றன. பட்டியலில் வந்த 'யாரோ ஒதுக்கிய' டேட்டாசெட்டுகளில் பெரும்பகுதிக்கு விடை அந்த ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும்.

அந்த வரிகளில் வழக்கமாக இருப்பவை சில. சிஸ்பிராக், சிஸ்எக்ஸெக் என்ற இரண்டும் சிலிஸ்ட், ரெக்ஸ் நிரல்கள் தேடப்படும் இடங்கள். சிஸ்ஹெல்ப் உதவிக் குறிப்புகளுக்கு. ஐஎஸ்பிபிலிப், ஐஎஸ்பிஎம்லிப், ஐஎஸ்பிஎஸ்லிப், ஐஎஸ்பிடிலிப் ஆகியவை முறையே ஐஎஸ்பிஎஃப்பின் திரைகள், செய்திகள், எலும்புச்சட்டங்கள், அட்டவணைகள் உள்ள நூலகங்கள். ஐஎஸ்பிபிராஃப் நம் சொந்த விருப்பங்களைச் சேமிக்கும் இடம். ஒரே டிடியின் கீழ் பத்துப் பதினைந்து நூலகங்கள் அடுக்கடுக்காக இணைந்திருப்பது சாதாரணம். லிஸ்டால்க்கின் அச்சில் அந்த அடுக்கின் முதல் டேட்டாசெட்டுக்கு மட்டுமே டிடி பெயர் வரும். அடுத்தவற்றுக்கு அந்த இடம் காலியாக இருக்கும். காலியிடத்தைப் பார்த்து அவற்றுக்கு டிடி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மேலே உள்ளதன் தொடர்ச்சி அவை. இன்னும் சில வரிகளில் டேட்டாசெட் பெயருக்குப் பதிலாக டெர்ம்ஃபைல் என்று இருக்கும். அந்த டிடி திரையோடு இணைந்திருக்கிறது என்று பொருள். நல்ஃபைல் என்றிருந்தால் எழுதுவது எங்கும் போகாது, படிப்பதற்கும் ஒன்றும் வராது.

குழப்பம் பெரும்பாலும் தொடங்குவது அடுத்த கட்டத்தில். 'சிஸ்டம் கொடுத்த பெயர்' என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். டிடி பெயரைச் சிஸ்டம் வைத்திருக்கலாம். டேட்டாசெட் பெயரைச் சிஸ்டம் வைத்திருக்கலாம். இரண்டையும் அதுவே வைத்திருக்கலாம்.

டிடி பெயரைத் தராமல் ஒரு டேட்டாசெட்டை ஒதுக்கச் சொன்னால், எஸ்விசி 99 தானே ஒரு டிடி பெயரை உண்டாக்கும். சிஸ் என்ற மூன்று எழுத்துக்குப் பின் ஐந்து இலக்கங்கள்: சிஸ்00001, சிஸ்00047 என்று. அதன் எதிரில் நமக்கு நன்கு தெரிந்த, நாமே பெயர் வைத்த டேட்டாசெட் நிற்கும். 'சிஸ் என்று தொடங்குகிறதே, இது இயங்குதளத்தின் சொந்தக் கோப்பு' என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஐஎஸ்பிஎஃப் தன் பங்குக்குத் திரைகளில் நாம் திறக்கும் கோப்புகளுக்கு ஐஎஸ்பி என்று தொடங்கி இலக்கங்களில் முடியும் டிடி பெயர்களைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இந்தப் பெயர்கள் அந்த அமர்வுக்கு மட்டுமே உரியவை. நேற்று சிஸ்00012 என்று வந்தது இன்று வேறொன்றைச் சுட்டும். ஆகவே எந்த நிரலிலும் இப்படிப்பட்ட பெயரை நேரடியாக எழுதி வைப்பது ஆபத்து. ரெக்ஸில் பிபிஎக்ஸ்டபிள்யுடைன் என்ற வசதியைக் கூப்பிடும்போது 'ஆர்டிடிடிஎன்' என்று கேட்டால், சிஸ்டம் வைத்த டிடி பெயரை ஒரு மாறியில் போட்டுத் தந்துவிடும். அதை வைத்தே படிக்கவும் விடவும் செய்யலாம். முறையான வழி அதுதான்.

எதிர்ப்பக்கம், டிடி பெயர் நிலையானதாகவும் டேட்டாசெட் பெயர் சிஸ்டம் வைத்ததாகவும் இருப்பவை தற்காலிக டேட்டாசெட்டுகள். உதாரணமாக இப்படி ஒன்றைப் பார்க்கலாம்: சிஸ்24183.டி094512.ஆர்ஏ000.டெவ்01.ஆர்0101234. பார்த்ததும் கண்ணைக் கட்டும். புள்ளிகளில் பிரித்தால் எளிது. முதல் துண்டில் 24 என்பது 2024-ஆம் ஆண்டு, 183 என்பது அந்த ஆண்டின் 183-ஆவது நாள், அதாவது ஜூலை 1. இரண்டாம் துண்டு காலை 9 மணி 45 நிமிடம் 12 நொடி. ஆர்ஏ000 எப்போதும் அப்படியே வரும் பகுதி. நான்காவது துண்டு வேலையின் பெயர். டிஎஸ்ஓ அமர்வில் அது நம் பயனர் பெயரேதான். கடைசித் துண்டில் ஆர் என்ற எழுத்தை அடுத்த இரண்டு இலக்கங்கள், பல சிஸ்டங்கள் கூட்டாக இயங்கும் சிஸ்பிளெக்ஸில் எந்தச் சிஸ்டம் என்பதற்கானவை. மிச்சம், பெயர் மோதாமல் இருக்க வைக்கும் வரிசை எண். நாமே இரட்டை ஆம்பர்சாண்ட் போட்டு ஒரு தற்காலிகப் பெயர் கொடுத்திருந்தால், அந்தப் பெயர் வேலைப் பெயரை அடுத்து வந்து உட்காரும். கடைசித் துண்டு ஆருக்குப் பதில் எச் என்ற எழுத்தில் தொடங்கும். இவ்வளவு தெரிந்தால், வட்டில் அனாதையாகக் கிடக்கும் ஒரு தற்காலிகக் கோப்பு எந்த நாளில், எந்தப் பயனரின் அமர்விலிருந்து வந்தது என்பதைப் பெயரிலிருந்தே சொல்லிவிடலாம்.

லிஸ்டால்க்கில் இத்தகைய முழுப் பெயர்களைப் பார்க்க 'சிஸ்நேம்ஸ்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் பார்த்துவிட்டு, தற்காலிகக் கோப்புகள் ஏதும் இல்லை என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு. 'ஹிஸ்டரி' சேர்த்தால் உருவான தேதி முதலிய விவரங்களும், 'மெம்பர்ஸ்' சேர்த்தால் நூலகங்களின் உறுப்பினர் பெயர்களும் வரும். பின்னதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேடியது கண்ணில் படாத அளவுக்கு அச்சு நீண்டுவிடும்.

தற்காலிகக் கோப்புகளை அதிகம் கேட்பது ஐஎஸ்பிஎஃப்தான். ஐஎஸ்பிசிடிஎல்0 என்ற டிடி, எடிட்டரிலிருந்து சப்மிட் செய்யும்போது ஜேசிஎல் போய் விழும் இடம். ஐஎஸ்பிசிடிஎல்1 முதல் திரைக்கு, அதற்கடுத்தவை ஸ்பிளிட் செய்து திறக்கும் மற்றத் திரைகளுக்கு. ஐஎஸ்பிடபிள்யுஆர்கே, ஐஎஸ்பிஎல்எஸ்டி என்பவையும் இப்படியே திரை எண்ணோடு பெருகும். எட்டுத் திரைகளைத் திறந்து வைத்திருப்பவருடைய பட்டியல் ஏன் நீள்கிறது என்பதற்கு இதுவே காரணம். நிறுவனத்தின் சிஸ்டம் புரோகிராமர்கள் கவனமானவர்களாக இருந்தால், லாகான் புரோசீஜரிலேயே இவற்றை விஐஓவில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். விஐஓ என்பது உண்மையான வட்டில் இடம் பிடிக்காமல், மெய்நிகர் நினைவகத்தின் பக்கங்களிலேயே டேட்டாசெட்டைப் பாவனையாக வைத்திருக்கும் ஏற்பாடு. வேகம் கூடும், வட்டின் உள்ளடக்க அட்டவணையில் குப்பை சேராது. அப்படி ஒதுக்காமல் விட்டால் ஐஎஸ்பிஎஃப் நம் பெயரின் கீழ் எஸ்பிஎஃப்டெம்ப்1.சிஎன்டிஎல் என்பது போன்ற நிஜ டேட்டாசெட்டுகளைத் தானே உருவாக்கும். டேட்டாசெட் பட்டியலில் தான் உருவாக்காத இந்தப் பெயர்களைக் கண்டு பயனர்கள் பதறுவது அடிக்கடி நடப்பது.

இதே குடும்பத்தில் இன்னும் சில. எஸ்பிஎஃப்லாக் என்ற பெயரில் இலக்கத்தோடு வருபவை ஐஎஸ்பிஎஃப்பின் பதிவேடுகள், எஸ்பிஎஃப் என்ற பெயரில் லிஸ்ட் என்று முடிபவை அச்சுக்கானவை. ஐஎஸ்ஆர் என்று தொடங்கி இலக்கங்களோடு பேக்கப் என்று முடிபவைமீது மட்டும் கை வைக்கும் முன் நிதானிக்க வேண்டும். எடிட் செய்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், சேமிக்காத மாற்றங்களை மீட்டுத் தருபவை அவைதான். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அவற்றை அழித்துவிட்டு, மறுநாள் எடிட்டர் மீட்புக்கு அழைக்கும்போது கொடுக்க ஒன்றுமில்லாமல் நிற்பது வருத்தமான விஷயம்.

ஆயுள் என்ற கேள்வியில் இன்னும் நுட்பம் இருக்கிறது. லாகான் புரோசீஜரின் டிடி வரிகளால் வந்தவையும், அலொகேட் கட்டளையால் நாமே கேட்டவையும் 'நிலையாக ஒதுக்கப்பட்டவை' என்ற முத்திரை பெறுகின்றன. யாராவது ஃப்ரீ செய்யும் வரை, அல்லது லாகாஃப் ஆகும் வரை அவை போகா. இந்த முத்திரை இல்லாமல் ஒரு கட்டளை தன் வேலைக்காக ஒதுக்கிக்கொண்டவை வேறு வகை. கட்டளை முடிந்ததும் சிஸ்டம் அவற்றை 'பயன்பாட்டில் இல்லை' என்று குறித்துக்கொள்ளும், ஆனால் உடனே விட்டுவிடாது. அதே டேட்டாசெட்டை அடுத்த நிமிடமே மறுபடி கேட்பார்கள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஒதுக்கீடு செலவு மிகுந்த வேலை என்பதால் கையில் இருப்பதையே திருப்பித் தருவது மலிவு. இப்படி எத்தனையைக் கையில் வைத்திருக்கலாம் என்பதற்கான வரம்பைத்தான் டைனம்என்பிஆர் எண்ணும், புரோசீஜரில் உள்ள டிடி வரிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வரம்பு தாண்டும்போது பயன்பாட்டில் இல்லாதவற்றைச் சிஸ்டம் தானே விடும். நாம் முடித்துவிட்டதாக நினைக்கும் டேட்டாசெட் இன்னும் பட்டியலில் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டிஐஓடி அட்டவணைக்கும் அளவு உண்டு. வழக்கமான 32 கிலோபைட் அளவில் 1635 டிடிகள் வரையிலும், 64 கிலோபைட்டாக உயர்த்தினால் 3273 வரையிலும் கொள்ளும். டிபி2 போன்ற பெரிய தொகுதிகளுக்கு அது போதாமல் போனதால் நீட்டிக்கப்பட்ட எக்ஸ்டிஐஓடி வந்தது. சாதாரணப் பயனர் இந்த எல்லையைத் தொடுகிறார் என்றால், எங்கோ ஒரு ரெக்ஸ் நிரல் சுழற்சிக்குள் ஒதுக்கிக்கொண்டே போகிறது, எதையும் விடுவதில்லை என்று அர்த்தம். அட்டவணையைப் பெரிதாக்கக் கேட்பதற்கு முன் அந்த நிரலைத் தேட வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது கேள்வி: காத்திருப்பது யார்? ஒவ்வொரு ஒதுக்கீட்டின் கூடவே ஒரு பூட்டும் வருகிறது. சிஸ்டிஎஸ்என் என்ற பெயரின் கீழ் அந்த டேட்டாசெட்டின் பெயரில் என்க்யூ போடப்படும். ஷேர் என்று ஒதுக்கினால் பலரும் சேர்ந்து வைத்திருக்கலாம். ஓல்டு என்று ஒதுக்கினால் ஒருவர் மட்டுமே. பூட்டு விழுவது டேட்டாசெட்டைத் திறக்கும்போது அல்ல, ஒதுக்கும்போதே. காலையில் லாகான் செய்து, சிஸ்பிராக் அடுக்கில் பத்து நூலகங்களோடு உட்கார்ந்திருப்பவர், அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் பத்துக்கும் ஷேர் பூட்டை நாள் முழுக்க வைத்திருக்கிறார்.

இப்போது இரவு வருகிறது. அந்த நூலகங்களில் ஒன்றைச் சுருக்கிச் சீராக்க ஒரு பேட்ச் வேலை ஓல்டு என்று கேட்கிறது. அது தொடங்காது. ஆபரேட்டரின் திரையில் அந்த வேலை டேட்டாசெட்டுகளுக்காகக் காத்திருப்பதாக ஐஇஎஃப்099ஐ செய்தி நிற்கும். அவர் 'டி ஜிஆர்எஸ்' கட்டளையில் சிஸ்டிஎஸ்என்னையும் டேட்டாசெட் பெயரையும் கொடுத்துக் கேட்டால், அதை வைத்திருக்கும் வேலைகளின் பெயர்கள் வரும். அங்கே ஒரு டெவலப்பரின் பயனர் பெயர் இருக்கும். தொலைபேசியில் எழுப்பிக் கேட்டால் அவர் மனதாரச் சொல்வார்: 'நான் அந்த நூலகத்தைத் திறக்கவே இல்லையே.' அவர் சொல்வது உண்மை. சிஸ்டம் காட்டுவதும் உண்மை. ஒதுக்குவதும் திறப்பதும் ஒன்று என்று அவருக்குக் கற்பித்தவர்களிடம்தான் குறை. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க வங்கிகளின் அமைப்புகளைப் பராமரிக்கும் குழுக்களுக்கு இது நேரடியாக வந்து சேரும் பிரச்சினை. அங்கே இரவு பேட்ச் ஓடும் நேரத்தில்தான் இங்கே பகல் வேலை நடக்கிறது. பயனர்கள் லாகாஃப் செய்துவிட்டுப் போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட அட்டவணைகளுக்கு, பூமியின் மறுபக்கத்திலிருந்து அமர்வுகள் விழித்திருப்பது தெரியாது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். டிஎஸ்ஓ பயனர் ஒன்றைக் கேட்கும்போது அதைப் பேட்ச் வேலை ஓல்டில் வைத்திருந்தால், அவரைக் காத்திருக்க வைக்காமல் சிஸ்டம் உடனே மறுத்துவிடும். ஐகேஜே56225ஐ என்ற எண்ணோடு, டேட்டாசெட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலவும் என்ற செய்தி வரும். ஹேவெண்டர் விவரித்த அதே முட்டுச்சந்து பற்றிய அச்சம் இங்கே வேறு உருவில் வருகிறது. கையில் நூறு பூட்டுகளை வைத்திருக்கும் ஒருவரை இன்னொன்றுக்காகக் காத்திருக்க விட்டால் மொத்த சிஸ்டமும் சிக்கிக்கொள்ளக்கூடும். ஆகவே மறுத்துவிடுவதே பாதுகாப்பு.

விடுவிப்பது பற்றி. ஃப்ரீ கட்டளை டிடி பெயராலோ டேட்டாசெட் பெயராலோ ஒதுக்கீட்டை விடும். திறந்திருக்கும் டேட்டாசெட்டை விட மறுத்து, ஐகேஜே56861ஐ என்ற செய்தியைத் தரும். அந்த மறுப்பு ஒரு காவல். ஐஎஸ்பிஎஃப்புக்குள் இருக்கும்போது அதன் நூலகங்களை விடச் சொன்னால் அந்தக் காவல் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றும். ரெடியில் நிற்கும்போது அந்தக் காவலை எதிர்பார்க்க முடியாது. சிஸ்பிராக்கை விட்டுவிட்டால், நேற்றுவரை ஒரே சொல்லில் வேலை செய்த நிறுவனத்தின் சிலிஸ்ட்டுக்கு 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற பதில் வரும். ஐஎஸ்பிபிராஃப்பை விட்டுவிட்டால் ஐஎஸ்பிஎஃப்பே எழாது. அப்படி ஆகிவிட்டால் ஒவ்வொன்றாகத் திருப்பி ஒதுக்க முயல வேண்டாம். லாகாஃப் செய்து மறுபடி லாகான் செய்வதே குறுகிய வழி. புரோசீஜர் எல்லாவற்றையும் மீண்டும் அடுக்கித் தரும். 'ஃப்ரீ ஆல்' என்பதை நான் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வேன். எதை விடுகிறோம் என்று பெயர் சொல்லி விடுவதற்குக் கூடுதலாக ஒரு வரிதான் ஆகும்.

ஐஎஸ்பிஎஃப் இருக்கும் இடத்தில் லிஸ்டால்க்கைவிடச் சிறந்த கருவி ஐஎஸ்ஆர்டிடிஎன். டிடிலிஸ்ட் என்று அடித்தாலும் வரும். ஒவ்வொரு வரியிலும் வட்டின் பெயர், நிலை, டிடி பெயர், டேட்டாசெட் பெயர் ஆகியவை ஒழுங்காகத் தெரியும். நிலைப் பத்தியில் 'நியூ, டிலீட்' என்றிருந்தால் அமர்வோடு போகும் தற்காலிகம் என்று ஒரே பார்வையில் புரியும். வரியின் முன் பி போட்டால் உள்ளே பார்க்கலாம், எஃப் போட்டால் விடலாம், கியூ போட்டால் அந்த டேட்டாசெட்மீது யார் யார் பூட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். எனக்குப் பிடித்தது 'மெம்பர்' கட்டளை. ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த நூலகத்தில் இருக்கிறது என்று அடுக்கின் வரிசையிலேயே காட்டும். சோதனை நூலகத்தில் நேற்று திருத்திய ரெக்ஸ் ஏன் இன்னும் பழைய முடிவையே தருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவருக்கு, அடுக்கில் அதற்கு மேலே அதே பெயரில் இன்னொன்று உட்கார்ந்திருப்பதை இது சில நொடியில் காட்டிவிடும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுக்க விரும்புவது எடிட்டருக்கு அடுத்தபடியாக இந்தத் திரையைத்தான்.

வீட்டிலிருந்து பழக விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. ரோஜர் பௌலர் 1999-இல் வெளியிட்ட ஹெர்குலிஸ் என்ற போலி இயந்திர மென்பொருளில் பழைய எம்விஎஸ் 3.8-ஐ ஓட்டலாம். அதில் ஐபிஎம்மின் ஐஎஸ்பிஎஃப் இல்லை, ஆகவே ஐஎஸ்ஆர்டிடிஎன்னும் இல்லை. ஆனால் லாகான் புரோசீஜர், லிஸ்டால்க், அலொகேட், ஃப்ரீ எல்லாம் உண்டு. அங்கே நாமே சிஸ்டம் புரோகிராமர் என்பதால், நிறுவனத்தில் யாரும் தொட விடாத லாகான் புரோசீஜரில் ஒரு டிடி வரியை நீக்கிவிட்டு என்ன உடைகிறது என்று பார்க்கலாம். இந்த விஷயம் மனதில் பதிய அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

கடைசியாக, இந்தக் கேள்வி இன்று எங்கே வந்து நிற்கிறது என்று சொல்ல வேண்டும். 2018-இல் அறிவிக்கப்பட்ட ஜோவ் போன்ற கருவிகள் வந்தபின், புதிய தலைமுறை டெவலப்பர்கள் பச்சைத் திரையைப் பார்க்காமலே, தங்கள் கணினியின் எடிட்டரிலிருந்து மெயின்ஃப்ரேம் டேட்டாசெட்டுகளைத் திறக்கிறார்கள். திரை மறைந்தாலும் அமர்வு மறையவில்லை. அவர்கள் ஒரு டேட்டாசெட்டைத் திறக்கும்போது, பின்னால் இசட்/ஓஎஸ்எம்எஃப் என்ற சேவை அவர்கள் பெயரில் ஒரு டிஎஸ்ஓ அமர்வை எழுப்பி அதன் வழியாகவே வேலை செய்கிறது. அதற்கும் லாகான் புரோசீஜர் உண்டு. ஐபிஎம் தரும் மாதிரியின் பெயர் ஐஇசட்யுஎஃப்பிராக். அதிலும் ஐஎஸ்பிபிலிப், ஐஎஸ்பிஎம்லிப் என்று பழைய டிடி வரிகளே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அமர்வும் டிஐஓடியை நிரப்புகிறது, சிஸ்டிஎஸ்என் பூட்டுகளை வைத்திருக்கிறது. ஆனால் லிஸ்டால்க் அடிக்க அங்கே ரெடி இல்லை. எடிட்டரை மூடிவிட்ட பின்னும் அந்த அமர்வு சற்று நேரம் உயிரோடு இருக்கலாம் என்பதும் பயனருக்குத் தெரிவதில்லை. பூட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் விடை ஆபரேட்டரின் 'டி ஜிஆர்எஸ்'ஸில்தான் கிடைக்கிறது. அங்கே தெரியும் பயனர் பெயரையும், அதே பெயரில் எஸ்டிஎஸ்எஃப்பில் நிற்கும் டிஎஸ்யு எண்ணையும், அதன் ஜெஸ்ஜேசிஎல்லில் உள்ள புரோசீஜர் பெயரையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பச்சைத் திரையில் அவரே உட்கார்ந்திருக்கிறாரா, அவருடைய எடிட்டர் பின்னால் எழுப்பிய அமர்வா என்பது தெரிந்துவிடும்.